பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்வது பிள்ளைகளைக் காக்கிறதா?

கணவன் அடிக்கிறான் என்று சொல்லிப் பிறந்த வீட்டுக்கு வந்து நிற்கும் பெண்ணுக்கு நம் ஊர்களில் முதலில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பொறுத்துப் போ." அப்படிச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். தகப்பன் துணையில்லாமல் பிள்ளைகள் வளரக் கூடாது, அவர்களின் படிப்பு கெடக் கூடாது, நாளைக்குப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது நாலு பேர் நாலு விதமாகப் பேசக் கூடாது என்ற கவலையில்தான் சொல்கிறார்கள். ஆனால் வன்முறை கணவனுக்கும் மனைவிக்கும் இடையில் மட்டுமே நடக்கிறது, பிள்ளைகள் அதற்கு வெளியே பத்திரமாக இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை அந்த அறிவுரைக்குள் இருக்கிறது. குழந்தை மருத்துவமும் உளவியலும் மூளை அறிவியலும் கடந்த சில பத்தாண்டுகளில் கண்டறிந்தவை அந்த நம்பிக்கைக்கு இடமளிக்கவில்லை. தாய் தொடர்ந்து தாக்கப்படும் வீட்டில் வளரும் குழந்தை, தன்மேல் ஓர் அடிகூட விழாவிட்டாலும் பாதிக்கப்படுகிறது. அது எப்படி நிகழ்கிறது, அதைத் தடுக்க நம்மிடம் என்ன வழிகள் இருக்கின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எது வன்முறை?

குடும்ப வன்முறை என்றதும் கன்னத்தில் விழும் அறையும் உடலில் தெரியும் காயமுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. இந்தியச் சட்டம் இன்னும் விரிவாகப் பார்க்கிறது. 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடல்ரீதியான வன்முறை, பாலியல் வன்முறை, சொல்லாலும் மனத்தாலும் வதைப்பது, பொருளாதார வன்முறை என நான்கு வகைகளைக் கூறுகிறது. குழந்தை இல்லை என்றோ ஆண் குழந்தை இல்லை என்றோ இழித்துப் பேசுவதை அந்தச் சட்டம் தனியாகவே எடுத்துச் சொல்கிறது. வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் மனைவியையும் பிள்ளைகளையும் வாட்டுவதும், அவளுக்குச் சொந்தமான நகைகளையும் சீதனப் பொருள்களையும் அவள் விருப்பமின்றி விற்றுவிடுவதும் பொருளாதார வன்முறையில் அடங்கும். வன்முறை செய்பவர் கணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே வீட்டில் வாழும் மாமனார், மாமியார், மைத்துனர், ஏன், உடன்பிறந்த அண்ணன்கூட இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரலாம்.

"எந்த வீட்டில்தான் சண்டை இல்லை?" என்று பலர் கேட்பார்கள். கருத்து வேறுபாடும் குரல் உயர்த்திய வாக்குவாதமும் எல்லா வீடுகளிலும் உண்டு. அவற்றில் இருவரும் பேச முடிகிறது, மறுநாள் இருவரும் பழையபடி நடமாட முடிகிறது. வன்முறை நடக்கும் வீட்டில் ஒருவர் மற்றவருக்கு அஞ்சி வாழ்கிறார். என்ன சமைப்பது, யாரோடு பேசுவது, தொலைபேசியை எங்கே வைப்பது, எந்த நேரத்தில் வாய் திறப்பது என்பவற்றையெல்லாம் அந்த அச்சமே தீர்மானிக்கிறது. அடி விழுவது மாதத்துக்கு ஒருமுறை என்றாலும் அச்சம் நாள்தோறும் இருக்கிறது. குழந்தையை வாட்டுவதும் முக்கியமாக இந்த அச்சம்தான் என்பதால் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடப்பதும் அல்ல. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, திருமணமான 18 முதல் 49 வயது வரையிலான பெண்களில் கணவரின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை எப்போதேனும் அனுபவித்தவர்கள் இந்திய அளவில் 29.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 38.1 விழுக்காடு. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னிற்கும் ஒரு மாநிலம் இதில் நாட்டின் சராசரியைவிட மோசமாக இருப்பது நம் ஒவ்வொருவரையும் உறுத்த வேண்டும். உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர்கள் இந்திய அளவில் 14 விழுக்காடு மட்டுமே. 77 விழுக்காட்டினர் உதவி தேடவுமில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. வெளியே சொல்லாத அந்தப் பெண்களின் வீட்டில் நடப்பதை அறிந்த ஒரே சாட்சி, பெரும்பாலும், அங்கே வளரும் குழந்தைதான்.

"குடித்தால்தான் அடிப்பார், மற்றபடி தங்கமான மனிதர்" என்ற பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். கணவர் அடிக்கடி குடித்துப் போதையில் வரும் வீடுகளில் வன்முறை மிக அதிகம் என்பதை அதே ஆய்வு காட்டுகிறது. ஆகவே குடிக்குச் சிகிச்சை தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே மனிதர் அதே போதையில் தன் முதலாளியையோ காவலரையோ அடிப்பதில்லை. யாரை அடித்தால் கேட்பார் இல்லை என்பது போதையிலும் தெரிகிறது. குடிக்காத கணவர்களும் அடிக்கிறார்கள். குடியை நிறுத்துவது ஒரு சிகிச்சை, வன்முறையை நிறுத்துவது இன்னொரு பொறுப்பு.

குழந்தை எங்கே இருக்கிறது?

பக்கத்து அறையில் தூங்குகிறது, வெளியே விளையாடுகிறது, அதற்கு விவரம் தெரியாது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளைத் தனியே கேட்டால் பெரும்பாலும் அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கண்ணால் காண்பது ஒரு வழி மட்டுமே. சுவருக்கு அப்பால் கேட்கும் குரல், பாத்திரம் விழும் சத்தம், அதன்பின் வரும் அமைதி, காலையில் அம்மாவின் வீங்கிய முகம், உடைந்த கைப்பேசி, சமைக்கப்படாத சோறு, "கீழே விழுந்துவிட்டேன்" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லும் பொய் ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் குழந்தை நடந்ததை ஊகித்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் 2021இல் இயற்றப்பட்ட குடும்ப வன்கொடுமைச் சட்டம், இத்தகைய வன்முறையைக் காணும், கேட்கும், அல்லது அதன் விளைவுகளுக்கு ஆளாகும் குழந்தையையே பாதிக்கப்பட்டவர் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. குழந்தையை வேடிக்கை பார்ப்பவராகக் கருதிய பழைய பார்வையிலிருந்து சட்டம் விலகத் தொடங்கியிருப்பதற்கு அது ஓர் அடையாளம்.

பாதிப்பு குழந்தை பிறக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. கர்ப்ப காலத்தில் தாக்கப்படும் பெண்களுக்குக் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தை பிறப்பதும் கூடுதலாக நேர்வதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. வயிற்றில் விழும் உதை மட்டும் இதற்குக் காரணம் அல்ல; தாயின் ஓயாத மன அழுத்தம், சரியாகச் சாப்பிடாமை, மருத்துவப் பரிசோதனைக்குப் போகவிடாமல் தடுக்கப்படுவது ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

கைக்குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணத்தைச் சோதித்த ஓர் ஆய்வை அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையிலான இருபது குழந்தைகள் இயல்பாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போது, பொருளற்ற வாக்கியங்களை மகிழ்ச்சியான குரலிலும் கோபமான குரலிலும் கேட்கச் செய்து, அவர்களின் மூளைச் செயல்பாட்டை ஸ்கேன் மூலம் பதிவு செய்தார்கள். பெற்றோரிடையே பூசல் மிகுந்த வீடுகளிலிருந்து வந்த குழந்தைகளின் மூளையில், அழுத்தத்தையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகள் கோபக் குரலுக்குக் கூடுதலாகத் துடித்தன. அந்த ஆய்வு கணக்கில் எடுத்தது அடிதடியைக்கூட அல்ல, வாய்ச்சண்டையைத்தான். தூக்கத்திலும் குழந்தையின் மூளை அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்று, நான்கு வயதில் அறிகுறிகள் உடல்வழியாக வெளிப்படுகின்றன. நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்புகிறது. பேசக் கற்ற குழந்தை பேச்சைக் குறைத்துக்கொள்கிறது. இரவில் அலறி எழுகிறது. அம்மாவின் புடவைத் தலைப்பை விடுவதே இல்லை. இந்த வயதுக் குழந்தை உலகத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் தன்னையே மையமாக நினைக்கும். தான் பாலைக் கொட்டியதால்தான் அப்பாவுக்குக் கோபம் வந்தது, அதனால்தான் அம்மா அடி வாங்கினாள் என்று அது கணக்குப் போடுகிறது. அந்தக் குற்றவுணர்வை அதனால் சொற்களில் சொல்ல முடியாது என்பதால் பெரியவர்கள் கண்ணுக்கு அது தெரிவதும் இல்லை.

பள்ளி வயதில் இரண்டு விதமான பிள்ளைகளைப் பார்க்கலாம். ஒரு பிள்ளை வகுப்பில் அடிக்கிறது, பொருள்களை உடைக்கிறது, எதற்கெடுத்தாலும் சினம் கொள்கிறது. இன்னொன்று மிக நல்ல பிள்ளையாக, ஆசிரியர் சொல்லும் முன்பே செய்துமுடிக்கும் பிள்ளையாக இருக்கிறது. முதல் பிள்ளைக்குத் தண்டனை கிடைக்கிறது, இரண்டாவது பிள்ளைக்குப் பாராட்டு கிடைக்கிறது. இரண்டு பேருக்கும் தேவையான உதவி கிடைப்பதில்லை. காரணம் தெரியாத வயிற்றுவலியும் தலைவலியும், கவனச் சிதறலும், நண்பர்களை ஒருபோதும் வீட்டுக்கு அழைக்காத வழக்கமும் இந்த வயதின் அறிகுறிகள். பள்ளிக்குப் போக அடம்பிடிக்கும் பிள்ளைக்குப் படிப்பில் விருப்பமில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தான் வீட்டில் இல்லாத நேரத்தில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் அதற்குள் இருக்கலாம்.

பதின்வயதில் பிள்ளைகள் குறுக்கே போய் நிற்கத் தொடங்குகிறார்கள், அதில் அவர்களுக்கே காயம் ஏற்படுகிறது. மூத்த பெண் தம்பி தங்கைகளுக்குத் தாயாகிறாள். இந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்று முதலில் அன்பு காட்டியவரை நம்பி இளவயதில் மணம் செய்துகொள்ளும் பெண்களும் உண்டு. மகன் தந்தையை எதிர்த்துக் கை ஓங்கலாம், அல்லது தந்தையைப் போலவே அம்மாவை ஏகவசனத்தில் பேசப் பழகலாம்.

உடலுக்குள் நடப்பது

ஆபத்து வரும்போது மூளையின் ஆழத்தில் உள்ள அமிக்டலா என்னும் பகுதி எச்சரிக்கை எழுப்புகிறது. கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் இரத்தத்தில் கூடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. ஆபத்து நீங்கியதும் இவையெல்லாம் அடங்க வேண்டும். வன்முறை நடக்கும் வீட்டில் ஆபத்து எப்போது வரும் என்று தெரியாததால் இந்த எச்சரிக்கை முழுமையாக அடங்குவதே இல்லை. வளரும் மூளை அந்த நிலைக்கே தன்னைப் பழக்கிக்கொள்கிறது. 2011இல் வெளியான லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வில், குடும்ப வன்முறைச் சூழலில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோபமான முகங்களின் படங்களைக் காட்டியபோது, அவர்களின் அமிக்டலாவும் அதோடு தொடர்புடைய இன்சுலா என்ற பகுதியும் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக இயங்கின. போரில் ஈடுபட்ட படைவீரர்களிடம் காணப்படுவதும் இதே போக்குதான் என்று அந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகள் மனநோய் எதுவும் இல்லாதவர்கள், பார்ப்பதற்கு இயல்பாக இருந்தவர்கள். முகக் குறிப்பைக் கணத்தில் படித்துவிடும் இந்தத் திறன் வீட்டில் அவர்களைக் காக்கிறது. வகுப்பறையில் அதுவே கணக்குப் பாடத்தில் மனம் ஊன்ற விடாமல் இழுக்கிறது.

இந்த அழுத்தம் பல்லாண்டுகள் கழித்தும் உடலில் பேசுகிறது. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களின் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டு, ஃபெலிட்டி, ஆண்டா என்ற மருத்துவர்களும் அவர்களுடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்புமுனை. அதில் கேட்கப்பட்ட ஏழு வகைத் துயரங்களில் தாய் தாக்கப்பட்டதைக் கண்டு வளர்ந்தது ஒன்று. துயரங்களின் எண்ணிக்கை கூடக் கூட, மனச்சோர்வும் குடிப்பழக்கமும் தற்கொலை முயற்சியும் மட்டுமல்லாமல் இதய நோய் போன்ற உடல் நோய்களும் கூடியிருந்தன. அடிபட்ட குழந்தை, புறக்கணிக்கப்பட்ட குழந்தை, தாய் அடி வாங்குவதைப் பார்த்த குழந்தை என்று நாம் தனித்தனியே பிரித்துப் பார்ப்பவை உண்மையில் ஒரே கூரையின் கீழ்தான் சேர்ந்து நிகழ்கின்றன. மனைவியை அடிப்பவர் குழந்தையையும் அடிக்கும் வாய்ப்பு அதிகம்.

தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவும் தாக்கப்படுகிறது என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. பிள்ளைகள் முன்னிலையில் அவளை மட்டம் தட்டுவதும், "உங்கம்மா எங்கே போனாள், யாரோடு பேசினாள்" என்று அவர்களை உளவு கேட்பதும், அவர்களை ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டு அவளைத் தனிமைப்படுத்துவதும் வன்முறையின் பகுதிகளே. இரவெல்லாம் தூங்காத, மனச்சோர்வில் மூழ்கிய தாயால் காலையில் பிள்ளையின் பசியறிந்து ஊட்ட முடிவதில்லை. சில வேளைகளில் அவள் கோபமும் பிள்ளையின் மேல்தான் இறங்குகிறது. அதற்காக அவளைக் குற்றம் சொல்வது, அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவளைக் கேள்வி கேட்பதாகும்.

இவ்வளவையும் படிக்கும் ஒரு தாய், தன் பிள்ளையின் வாழ்க்கை இனி அவ்வளவுதான் என்று எண்ணிவிடக் கூடாது. 2003இல் 118 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பீட்டில், வன்முறையைக் கண்ட பிள்ளைகளில் 63 விழுக்காட்டினர் அதைக் காணாத சராசரிப் பிள்ளையைவிடப் பின்தங்கிய நிலையில் இருந்தார்கள். மற்றவர்கள், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள், அந்தச் சராசரிக்கு இணையாகவோ மேலாகவோ இருந்தார்கள். "அப்பன் அடித்தால் மகனும் அடிப்பான்" என்பதும் விதி அல்ல. அத்தகைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்பது உண்மை. அவர்களில் மிகப் பலர் ஒருபோதும் கை ஓங்காதவர்களாக வாழ்கிறார்கள் என்பதும் உண்மை. மீண்டுவந்த பிள்ளைகளின் வாழ்க்கையில் திரும்பத் திரும்பக் காணப்படுவன இரண்டு: வன்முறை நின்றிருக்கிறது, நம்பகமான, அன்பான ஒரு பெரியவராவது உடனிருந்திருக்கிறார். அந்தப் பெரியவர் பெரும்பாலும் தாயே. ஆகவே தாயின் பாதுகாப்பை விலையாகக் கொடுத்துப் பிள்ளையைக் காக்க முடியாது. தாய் பத்திரமாக இருந்தால்தான் பிள்ளைக்குப் பற்றிக்கொள்ள ஒரு கை இருக்கும்.

சட்டம் பிள்ளைகளுக்கு என்ன தருகிறது?

பொறுத்துப் போவதா, குழந்தைகளோடு தெருவில் நிற்பதா என்ற இரண்டே வழிகள் இருப்பதாகப் பல பெண்கள் நினைக்கிறார்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் மிகப் பெரிய பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையை அது பெண்ணுக்குத் தருகிறது; அந்த வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் அவள் இந்த உரிமையைக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. தேவைப்பட்டால் வன்முறை செய்யும் கணவரை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி, பெண்ணின் மனுவை விசாரிக்கும் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) ஆணையிடலாம். அப்படியானால் பிள்ளைகள் அதே பள்ளியில், அதே தெருவில் தொடர்ந்து இருக்க முடியும்.

பாதிக்கப்பட்டவர் குழந்தையாக இருந்தால், வன்முறை செய்பவர் அதன் பள்ளிக்குள் நுழையக் கூடாது என்றுகூட ஆணை பெறலாம். பிள்ளைகளின் பராமரிப்புச் செலவுக்கும், அவர்களைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விடுவதற்கும் அதே மனுவில் கேட்கலாம். தந்தை வந்து பார்ப்பது பிள்ளைகளுக்குத் தீங்கு என்று நடுவர் கருதினால் அந்தச் சந்திப்பை மறுக்கவும் வேண்டும். "பிள்ளையை உன்னிடம் தர மாட்டேன்" என்ற மிரட்டலுக்கு அஞ்சி எத்தனையோ பெண்கள் வாய்மூடி இருக்கிறார்கள். இந்து இளவர் பாதுகாப்புச் சட்டமும் ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு மேற்பட்ட வயதிலும் நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலனைத்தான்.

மனுவைத் தற்போது தங்கியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம்; பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண் கணவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாள்களுக்குள் நடக்க வேண்டும், அதிலிருந்து அறுபது நாள்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இதைவிட மிகத் தாமதமாகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் இறுதித் தீர்ப்புக்குக் காத்திராமல் இடைக்கால ஆணையை முதலிலேயே கேட்டுப் பெறுவது முக்கியம். பாதுகாப்பு ஆணையை மீறுபவருக்கு ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். மனு எழுதுவதிலிருந்து மருத்துவப் பரிசோதனை, தங்குமிடம் வரை உதவுவது அவர் கடமை. பெண்கள் உதவி எண் 181, குழந்தைகள் உதவி எண் 1098, உடனடி ஆபத்தில் 112. மருத்துவமும் சட்ட ஆலோசனையும் தற்காலிகத் தங்குமிடமும் ஒரே இடத்தில் கிடைக்க ஒருங்கிணைந்த சேவை மையங்கள் உள்ளன. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களும் குழந்தைகளும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். அதற்கான எண் 15100. பிரிந்து செல்லும் தருணமே பல பெண்களுக்கு மிக ஆபத்தான தருணம் என்பதால், கோபத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புவதைவிட, ஆவணங்களையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் நம்பகமானவரிடம் முன்கூட்டியே கொடுத்துவைத்து, இவர்களில் ஒருவரோடு பேசித் திட்டமிட்டுக் கிளம்புவது நல்லது.

சுற்றி இருப்பவர்கள்

அண்டை வீட்டாரும் ஆசிரியரும் அத்தையும் மாமாவும் செய்யக்கூடியவை சிறியவை அல்ல. ஒரு பிள்ளை வாய் திறந்து சொன்னால் முதலில் நம்ப வேண்டும். "இது உன் தவறு அல்ல, நீ சொன்னது நல்லது" என்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, ஏனெனில் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. "அப்பா கெட்டவர்" என்று தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். பல பிள்ளைகளுக்குத் தந்தையின் மேல் அன்பும் பயமும் சேர்ந்தே இருக்கும், இரண்டையும் வைத்துக்கொள்ள அவர்களுக்கு இடம் தர வேண்டும். சண்டை மூளும்போது குறுக்கே போகாமல் எந்த வீட்டுக்கு ஓடுவது, எந்த எண்ணை அழைப்பது என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அடித்தவரிடம் நேரே போய் "உன் பிள்ளை இப்படிச் சொன்னது" என்று நியாயம் கேட்பது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், அன்றிரவே அந்தப் பிள்ளைக்கும் தாய்க்கும் ஆபத்தாக முடியும்.

வம்பில் மாட்டிக்கொள்வோம் என்ற தயக்கத்துக்கும் சட்டத்தில் பதில் உண்டு. வன்முறை நடந்திருக்கிறது, நடக்கிறது, அல்லது நடக்கலாம் என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தரலாம். நல்ல நோக்கத்தோடு தகவல் தந்தவர்மீது அதற்காக எந்த வழக்கும் நடவடிக்கையும் எடுக்க முடியாது என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது.